உருவகச் சிறையும் உண்மைச் சிறையும்: கொள்ளைநோய் எழுத்துகளில் கைதியும் வீடற்றவரும்

மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18 ஆம் நாள் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் நோய்ப் பரவல் முறியடிப்பு நடவடிக்கை அதே ஆண்டு ஏப்ரல் 7 இல் தொடங்கி ஜூன் 1 வரை நீடித்தது. அவ்வாரங்களிலும் அவற்றைத் தொடர்ந்த ஈராண்டுகளிலும் இவ்விரு நாட்டுத் தமிழ்க் கவிஞர்கள் நிறையவே எழுதினர். புலனக் குழுக்களிலும் இணையவழிக் கவியரங்குகளிலும் ஞாயிறு மலர்களிலும் வந்த அக்கவிதைகளைத் தொடர்ந்து படித்தவர்க்கு ஓர் உருவகம் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டிருக்கும். வீடு சிறையாயிற்று, சன்னல் கம்பிகள் சிறைக்கம்பிகளாயின, குடும்பத்தார் உடன்கைதிகளாயினர், கூண்டுக்கிளி வெளியே பறக்க மனிதன் கூண்டுக்குள் புகுந்தான். இவ்வுருவகத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் போலவே ஒவ்வொருவரும் எழுதினர் என்பது வேறு செய்தி.

அவ்வுருவகத்தில் பொய் ஒன்றும் இல்லை. வெளியே போக முடியாத துன்பம் மெய்யானது, அச்சமும் மெய்யானது. ஆயினும் உவமையைப் பற்றி நம் இலக்கண மரபு கொண்டிருக்கும் தெளிவை இங்கு நினைவுகூர வேண்டும். அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாத ஒன்றை விளக்குதலே உவமையின் பயன். இக்கவிஞர்கள் அறிந்திருந்தது வீடு, அறியாதிருந்தது சிறை. அறியாத ஒன்றைக் கொண்டு நன்கு அறிந்த ஒன்றை விளக்க முற்பட்டதால் இரண்டுமே விளங்காமற் போயின. நாற்பது நாள் வீட்டில் இருந்தவர் தம்மைக் கைதி என்று சொல்லிக்கொண்டபோது, அதே நாற்பது நாள் அறை கொள்ளாத கூட்டத்தோடு அடைபட்டுக் கிடந்த உண்மைக் கைதிக்குச் சொல்ல ஒரு சொல் மிச்சமில்லாமற் போயிற்று. வீட்டில் இருங்கள் என்ற அறிவுரையைக் கேட்டு, இருப்பதற்கு வீடு இல்லாமல் நின்றவரோ உருவகத்திற்குள்ளேயே வரவில்லை. அவருக்கு வீடு சிறையாக வேண்டுமாயின் முதலில் வீடு வேண்டும்.

இக்குறை நம் கவிஞர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதையும், கொள்ளைநோயைப் பாடுபொருளாகக் கொண்ட பெரும் படைப்பு ஒன்றிலேயே அது வேரூன்றியிருக்கிறது என்பதையும், அதற்கு மாற்றான ஒரு வழி அதனினும் பழைய நூல் ஒன்றில் இருக்கிறது என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் மரபில் இதற்கு என்ன இருக்கிறது என்பதையும் இறுதியில் நோக்குவோம்.

காம்யுவின் ஓரான் நகரம்

ஆல்பெர் காம்யுவின் ‘கொள்ளைநோய்’ என்னும் நாவல் 1947 இல் வெளிவந்தது. 2020 இல் உலகெங்கும் மீண்டும் தேடிப் படிக்கப்பட்ட நூல்களுள் அதுவும் ஒன்று. பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த அல்சீரியாவின் ஓரான் நகரில் பிளேக் நோய் பரவுகிறது. நகர வாயில்கள் மூடப்படுகின்றன. மருத்துவர் ரியே, தாரு, செய்தியாளர் ராம்பேர் முதலியோர் நோயை எதிர்த்து நிற்கின்றனர். நாவல் எழுதப்பட்ட காலத்தில் பிரான்சு செருமானியரின் பிடியில் இருந்தது. ஆகவே நோய் என்பது அந்நியப் படையெடுப்பின் குறியீடும் ஆகும் எனத் திறனாய்வாளர் பலர் விளக்கியுள்ளனர்.

இந்நாவலின் முகப்பில் டேனியல் டீஃபோவின் கருத்து ஒன்று மேற்கோளாக வைக்கப்பட்டுள்ளது. ஒருவகைச் சிறையிருப்பை மற்றொருவகைச் சிறையிருப்பால் குறித்துக் காட்டலாம் என்பது அதன் சாரம். நூலுக்குக் ‘கைதிகள்’ என்பது போன்ற தலைப்பு ஒன்றைச் சூட்டலாமா எனக் காம்யு தம் குறிப்பேட்டில் எழுதி வைத்ததும் உண்டு. எனவே இந்நாவலில் சிறை தற்செயலாக வந்த உருவகம் அன்று. நூலின் அடிக்கல்லே அதுதான். நகரத்தார் அனைவரும் கைதிகள் என்பதே அதன் முதற்கோள்.

அவ்வாறாயின் நகரத்துச் சிறையில் ஏற்கெனவே கைதியாக இருந்தவர் நிலை யாது? காம்யு இதை மறக்கவில்லை. மூன்றாம் பகுதியில் அரைப்பக்க அளவில் அதைத் தொடுகிறார். கூடி வாழ்வோரை நோய் மிகுதியாகத் தாக்கியது. படைவீரர், துறவியர், கைதிகள் ஆகியோர் அதிகமாக இறந்தனர் என்கிறார். சிறைத் தலைவர் முதல் கடைசிக் கைதி வரை யாவரும் ஒரே தீர்ப்புக்கு ஆட்பட்டதால் சிறைக்குள் முதன்முறையாக முழுச் சமநீதி நிலவியது என எள்ளல் தொனிக்க எழுதுகிறார். பின்னர்ப் பணியின்போது இறந்த சிறைக்காவலர்களுக்கு இராணுவப் பதக்கம் வழங்கப்பட்டதும், படைத்துறையினர் அதை விரும்பாததும், அதற்கு ஈடாகக் கொள்ளைநோய்ப் பதக்கம் ஒன்று உருவாக்கப்பட்டதும், அதனால் எவருக்கும் நிறைவு ஏற்படாததும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. இப்பகுதியில் கைதிகளின் குரலைப் பற்றி நாம் அறியும் செய்தி ஒன்றே ஒன்று. காவலர்க்குப் பதக்கம் தந்ததற்கு அவர்கள் மறுப்பு ஏதும் எழுப்பவில்லையாம்.

எள்ளலின் கூர்மையை நாம் மறுக்கவில்லை. அதிகாரிகளின் மடமையை அது நன்றாகவே தைக்கிறது. எனினும் அந்தச் சமநீதி உண்மையில் சமநீதிதானா? சிறைத் தலைவர் மாலையில் வீட்டுக்குப் போகலாம். உடல்நலம் இல்லையெனில் விடுப்பு எடுக்கலாம். தம் மருத்துவரைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். கைதிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. நோய்க்கிருமி ஆள் பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் கிருமி வந்து சேரும் வழியும், வந்தபின் கிடைக்கும் மருந்தும் ஆள் பார்த்தே அமைகின்றன. கொள்ளைநோய் அனைவரையும் சமமாக்குகிறது என்ற வாசகம் 2020 இல் அரசியலாரும் கவிஞரும் ஒருசேரச் சொன்ன வாசகம். காம்யு அதை எள்ளலாகச் சொன்னார். பின் வந்தோர் அதை மெய்யாகவே நம்பிச் சொன்னார்கள்.

நாவலில் இதைவிட நுட்பமான ஓரிடமும் உண்டு. தொண்டர் அணி அமைப்பதுபற்றி ரியேவும் தாருவும் பேசும்போது, கடினமான வேலைகளுக்குக் கைதிகளைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அதிகாரிகளிடம் இருப்பது தெரியவருகிறது. இருவரும் அதை ஏற்கவில்லை. விடுதலையாக உள்ள மனிதர்களே இப்பணிக்கு வேண்டும் என்கின்றனர். தாரு மரண தண்டனையை வெறுப்பவன். அவன் தந்தை அரசு வழக்குரைஞர். அவ்வெறுப்பின் காரணம் பின்னர் விளக்கம் பெறுகிறது. காம்யு இங்குக் கற்பனையாகச் சொன்னதற்கு வரலாற்றில் உண்மைச் சான்று இருக்கிறது. பம்பாயில் பிளேக் பரவிய காலத்தில் ஆஃப்கின் என்னும் அறிவியலறிஞர் தாம் உருவாக்கிய தடுப்பூசியை 1897 சனவரி 10 இல் முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். அம்மாத இறுதியில் பைக்குலாச் சிறையில் விருப்பம் தெரிவித்த கைதிகளுக்கு அது போடப்பட்டது. சிறைக்குள் விருப்பம் தெரிவித்தல் என்பதற்கு என்ன பொருள் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஒரு நாவலாசிரியன் நுழைய வேண்டிய வாயில் அதுவே. காம்யு வாயில் வரை வந்து தாருவின் மனச்சான்றைப் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

நகராட்சி விளையாட்டரங்கில் அமைந்த தனிமைப்படுத்தும் முகாம் மட்டும் கண்முன் நிற்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. கூடாரங்கள், காவலர்கள், ஒலிபெருக்கிகள், செய்வதற்கு ஒன்றுமின்றி உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் ஆகியவை அங்கு உண்டு. குற்ற விசாரணை நடுவரான ஒத்தோன் தாமே அங்கு அடைபடுகிறார். அலுவலகத் தவறு ஒன்றால் உரிய நாளுக்கு மேலும் அடைபட்டிருக்கிறார். வெளிவந்தபின் அம்முகாமுக்கே தொண்டராகத் திரும்ப விரும்புகிறார். இவ்விடத்தில் சிறை உருவகம் அன்று. அது நாள்கணக்கும் ஆவணமும் உள்ள நடப்பு. நாவலின் மிகச் சிறந்த பகுதிகளுள் இது ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இங்கும் சிறையை உணர்பவர் நடுவரே. அவர் விசாரித்தவர்கள் அல்லர்.

வீடற்றவரைப் பொறுத்தவரை நாவலில் முகமே இல்லை. வெளியூரிலிருந்து வந்து சிக்கிக்கொண்ட ராம்பேருக்கு விடுதி அறை இருக்கிறது. சிக்கிக்கொண்ட இசைநாடகக் குழுவினருக்கு அரங்கு இருக்கிறது. ராம்பேர் ஓரானுக்கு வந்த காரணமே அரபு மக்களின் சுகாதார நிலையைப் பற்றி எழுதுவதுதான். முழுக் கண்டனத்தையும் வெளியிட இயலுமா என்று ரியே கேட்கிறார். இயலாது என்று ராம்பேர் ஒப்புக்கொள்கிறார். பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது. அதன்பின் அரபு மக்கள் நாவலை விட்டே மறைகின்றனர். இதை 1970 இல் கானர் குரூஸ் ஓபிரையன் எடுத்துக்காட்டியது திறனாய்வு உலகில் நன்கு அறியப்பட்டது. அதனோடு நாம் ஒன்று சேர்க்க விரும்புகிறோம். அனைவரும் கைதிகள் என்று ஒரு நூல் தொடங்கிவிட்டால், அந்த ‘அனைவர்’ யார் யார் என்று எண்ணிப் பார்க்கும் தேவை அதற்கு இல்லாமற் போகிறது. (இக்கட்டுரையில் ‘நாம்’ என்று எழுதும்போது நமக்கும் இதே இடர் உண்டு என்பதை அறிவோம்.)

டீஃபோவின் மூவர்

காம்யு மேற்கோளுக்குத் தேர்ந்த டீஃபோ ‘கொள்ளைநோய் ஆண்டின் நாட்குறிப்பு’ என்ற நூலை 1722 இல் வெளியிட்டார். 1720 இல் மார்சேய் நகரில் பிளேக் பரவிய அச்சம் அப்போது இங்கிலாந்தில் இருந்தது. 1665 இல் இலண்டனைச் சூறையாடிய நோயைக் கண்ணாற் கண்ட சேணத் தொழிலாளி ஒருவரின் கூற்றாக நூல் அமைகிறது. 1665 இல் டீஃபோ சிறு குழந்தை. ஆகவே இது கற்பனை. ஆனால் ஆணைகள், இறப்புப் பட்டியல்கள், தெருப்பெயர்கள் ஆகியவற்றின் மேல் கட்டப்பட்ட கற்பனை. டீஃபோ சிறையை உருவகமாக மட்டும் அறிந்தவர் அல்லர். தாம் எழுதிய துண்டு வெளியீட்டிற்காக 1703 இல் நியூகேட் சிறையில் அடைபட்டுப் பொது இடத்தில் தண்டமரத்திலும் நிறுத்தப்பட்டவர் அவர்.

நோயாளி இருந்த வீடு அந்நாளில் பூட்டப்பட்டது. கதவில் ஓரடி நீளச் செஞ்சிலுவை வரையப்பட்டது. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் எனக் காவலர் நிறுத்தப்பட்டனர். பூட்டு வெளிப்புறம், திறவுகோல் காவலர் கையில். வீட்டார்க்கு வேண்டிய பொருளை வாங்கி வருவதும் அக்காவலர் கடமையே. எனவே காவலர் அகன்ற நேரத்தில் வீட்டார் தப்புகின்றனர். பூட்டிய வீடுகள் எத்தனையோ அத்தனை சிறைகள் ஊரில் இருந்தன என்று டீஃபோவும் சொல்கிறார். ஆனால் அவரிடத்தில் அது உருவகமாக நின்றுவிடுவதில்லை. உணவை யார் கொண்டுவருவது, காவலர் ஏமாற்றப்படுவது எப்படி, நோயற்றவர்களை நோயாளியோடு சேர்த்துப் பூட்டினால் என்ன நேரும், தனி நோய்விடுதிகள் போதிய அளவு இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று அவர் கணக்குப் பார்க்கிறார். குற்றமற்றவரைப் பூட்டுவதன் நியாயத்தையும் பயனையும் பிரித்துப் பிரித்து எடைபோடுகிறார். ஒரே கருத்தைப் பலமுறை திருப்பிச் சொல்கிறார் என்பது உண்மையே. படிப்பவர் பொறுமையை அது சோதிக்கவும் செய்கிறது.

வீடற்றவரைப் பற்றிய பகுதி இந்நூலின் நடுவே ஒரு தனிக்கதையாக வருகிறது. சான் பழைய போர்வீரன், இப்போது ரொட்டி சுடுபவன், தாமஸ் கால் ஊனமுற்ற மாலுமி, இப்போது பாய் தைப்பவன், ரிச்சர்டு தச்சன். நோயச்சத்தால், தங்கியிருந்த இடத்தை விட்டுத் தாமஸ் வெளியேற வேண்டிய நிலை. நகரை விட்டுப் போகலாமா என்று சானும் தாமசும் வாதிடுகின்றனர். ஊரூராகத் திரிபவனைப் பிடித்துச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பச் சட்டம் இருக்கிறதே என்று தாமஸ் அஞ்சுகிறான். வீடு தீப்பற்றினால் வெளியேறக் கூடாதா, நான் பிறந்தது இந்நாட்டில் அல்லவா, இந்நாட்டில் வாழ எனக்கு உரிமை இல்லையா என்பது சானின் வாதம். தன்னைத் திரிபவன் என்று எப்படிச் சொல்ல முடியும் என்றும் அவன் கேட்கிறான். அன்றைய குடியமர்வுச் சட்டத்தின் நடுநரம்பை ஓர் ஏழை ரொட்டிக்காரன் வாயால் டீஃபோ தொட்டுவிடுகிறார்.

மூவரும் சிலரைச் சேர்த்துக்கொண்டு புறப்படுகின்றனர். ஓர் ஊரார் வழிவிட மறுக்கின்றனர். ரிச்சர்டு கழிகளைத் துப்பாக்கி வடிவில் செதுக்கித் தருகிறான். பல இடங்களில் தீ மூட்டிப் பெரும்படை தங்கியிருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்குகின்றனர். ஊரார் அஞ்சி உணவு கொடுத்து வழியும் விடுகின்றனர். எப்பிங் காட்டருகே குடில் அமைத்துத் தங்குகின்றனர். முதலில் விரட்ட வந்த ஊரார் பின்னர் வைக்கோலும் தானியமும் இறைச்சியும் கொடுக்கின்றனர். இறுதியில் பாழடைந்த பழைய பண்ணைவீடு ஒன்றைச் செப்பனிட்டுக் குடியேறுகின்றனர். ஊராரைக் கொடியவராகவும் டீஃபோ காட்டவில்லை. அவர்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அது தணிவதற்கும் காரணம் இருக்கிறது. வீடற்றவரின் நலம் என்பது இரக்கத்தை மட்டும் சார்ந்ததன்று, பேரம், நம்பிக்கை, இடம் ஆகியவற்றையும் சார்ந்தது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன கொள்ளைநோய் நூலை நாம் வேறு படித்ததில்லை.

கலைநுட்பத்தில் காம்யு உயர்ந்தவர் என்று சொல்வோரோடு நாம் வாதிடப் போவதில்லை. ஆனால் நம் காலத்துக்கு வேண்டிய பயிற்சியைத் தருபவர் டீஃபோவே என்பது நம் முடிபு. அதற்குக் காரணத்தை 2020 இல் நம்மைச் சுற்றி நடந்தவற்றிலிருந்தே காட்டலாம்.

நம் தெருக்களும் நம் சிறைகளும்

மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டை மீறியோர் கைதாயினர்; பலர்க்குத் தண்டம், சிலர்க்குச் சிறை. நெரிசலான சிறைக்குள் நோய் புகுந்துவிடும் என்பதால் அவ்வாறு மீறியோரைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் எனச் சிறைத்துறையே 2020 ஏப்ரலில் கேட்டுக்கொண்டது. நோய் பரவாமல் இருக்க இயற்றிய விதியை மீறியவரை நோய் மிக எளிதாகப் பரவும் இடத்துக்கு அனுப்புவது என்ற இம்முரணை, இரண்டு வரிக் குறுங்கவிதையாகவேனும் எவரேனும் எழுதியிருக்கலாம். அதே ஆண்டு அக்டோபரில் அலோர் ஸ்டார் சிறையிலும் பினாங்கு விசாரணைக் கைதிகள் சிறையிலும் நோய்த்திரள்கள் தோன்றின. கெடாவின் திரளுக்குத் ‘தெம்போக்’ என்று பெயரிட்டனர். மலாயில் சுவர் என்பது அதன் பொருள். சுகாதார அமைச்சு நாள்தோறும் வெளியிட்ட எண்களில், சமூகத்தில் கண்டறியப்பட்டவை வேறாகவும் சிறைத்திரள்கள் வேறாகவும் குறிப்பிடப்படுவதுண்டு. நோய்த்தடுப்பு நோக்கில் அது தேவையான பகுப்பே. ஆனால் சிறையில் உள்ளவர் சமூகத்தில் உள்ளவர் அல்லர் என்ற எண்ணம் அவ்வெண்களைக் கேட்டுக்கொண்டிருந்த நம் மனத்தில் தடையின்றிக் குடியேறியது. எண்ணிக்கை பெரிதாக இருந்த நாளில், அதிற்பாதி சிறையில்தான் என்று நாமே ஆறுதல் கொண்டதும் உண்டு.

வீடற்றோர் செய்தி சற்று மாறானது. கோலாலம்பூரில் தெருவில் படுத்திருந்தோர் அவசர அவசரமாகத் தற்காலிகக் காப்பிடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தெருவில் உணவு வழங்கும் வேலையைத் தொண்டு அமைப்புகள் பழையபடி செய்ய முடியவில்லை. சிங்கப்பூரிலும் பள்ளிவாசல், தேவாலயம் போன்ற இடங்கள் இரவில் படுக்க இடம் தந்தன. தற்காலிகக் காப்பிடங்கள் பெருகின. இதைப் பற்றிச் சிங்கப்பூரில் நம்பத்தக்க எண்கள் உள்ளன. லீ குவான் இயூ பொதுக்கொள்கைப் பள்ளியின் ஆய்வாளர் இங் கொக் ஹோ தலைமையில் 2019 இல் நடந்த நாடு தழுவிய முதற் கணக்கெடுப்பில் தெருவில் உறங்குவோர் 921 முதல் 1,050 பேர் வரை இருப்பர் எனக் கணிக்கப்பட்டது. 2021 கணக்கெடுப்பில் தெருவில் 616 பேரும் தற்காலிகக் காப்பிடங்களில் 420 பேரும் இருந்தனர், கூட்டினால் 1,036. அதாவது வீடற்றோர் தொகை ஏறத்தாழ அவ்வளவே. அவர்கள் படுத்த இடம் மாறிற்று. சில நூறு பேருக்குக் கூரை தருவது முன்பும் இயன்ற செயலே என்பதை நோய் வந்து மெய்ப்பித்தது.

2022 இல் வெளிவந்த அவ்வாய்வறிக்கை மற்றொன்றும் சொல்கிறது. காப்பிடத்துக்கு வந்தோருள் நெடுங்காலம் தெருவில் இருந்தோர் ஒருவகை; நோய்க்காலத்தில் முதன்முறையாக இடம் இழந்தோர் இன்னொருவகை; நாட்டுக்கு வெளியே தங்கி வாழ்ந்து, எல்லை மூடப்பட்டதும் இப்பக்கம் சிக்கியோர் மூன்றாம் வகை. சிங்கப்பூரில் வேலை செய்து, வாடகை குறைந்த சொகூரில் இரவைக் கழித்த சிங்கப்பூரருக்குப் பாலம் மூடியதும் வீடு போயிற்று. இது நம் இரு நாட்டு எழுத்தாளரும் கைவைக்க வேண்டிய கதைக்களம். டீஃபோவின் தாமஸ் அப்பாலத்தின் முனையில்தான் நிற்கிறான்.

கைதியும் வீடற்றவரும் ஒரே கட்டுரையில் வருவதற்குக் காரணம் இரண்டும் துன்பம் என்பது மட்டும் அன்று. ஒருவர் மற்றவராகும் வழி எப்போதும் திறந்திருக்கிறது. மலேசியாவின் 1977 ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டமும் சிங்கப்பூரின் ஆதரவற்றோர் சட்டமும் தெருவில் திரியும் ஏழையைப் பிடித்து இல்லத்தில் வைக்க அதிகாரம் அளிப்பவை. நல்ல நோக்கம் கூறப்பட்டாலும், வீடு இன்மையே ஒருவரை அடைத்துவைக்கக் காரணமாகலாம் என்ற கருத்து அவற்றில் உண்டு. மறுபக்கம், சிறையிலிருந்து வெளிவருபவர்க்குப் போக வீடு இல்லையென்றால் அவர் அன்றிரவே தெருவுக்கு வருகிறார். இவ்விருவருக்கும் உள்ள ஒரு வேறுபாடும் முக்கியமானது. கைதி நாள்தோறும் எண்ணப்படுகிறார். விலகியிருக்க மட்டும் அவரால் முடியாது. வீடற்றவர் விலகியே இருக்கிறார். அவரை எவரும் எண்ணுவதில்லை.

இவ்விரண்டிலும் சேராமல் இரண்டையும் அனுபவித்தோர் சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியர்கள். ஏறத்தாழ 3,23,000 பேர் தங்கும் விடுதிகளில் இருந்தனர். 2020 ஏப்ரல் 5 இல் இரு விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. பின்னர் எல்லா விடுதிகளும் மூடப்பட்டன. அவ்வாண்டு இறுதிக்குள் அவர்களுள் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தது சோதனைகளால் தெரியவந்தது. ஊரார் வெளியே நடமாடத் தொடங்கிய பின்னும் அவர்களது நடமாட்டம் நெடுநாள் கட்டுப்பட்டிருந்தது. வெளியே செல்ல அனுமதிச் சீட்டு பெறும் முறை 2022 சூன் வரை இருந்தது. இவர்களில் தமிழ்நாட்டுத் தமிழர் பலர். அவர்களே எழுதிய கவிதைகளும் உண்டு. அக்கவிதைகளில் சிறை வரும்போது அது உருவகமா உண்மையா என்று கேட்பதற்குத் திறனாய்வாளன் சற்றுத் தயங்க வேண்டும்.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23 ஆம் நாளே சிறை நெரிசலைக் குறைக்க மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைக்க ஆணையிட்டது. கடுஞ்சட்டங்களின்கீழ்க் கைதானோர்க்கு அவ்வழி பெரும்பாலும் அடைபட்டிருந்தது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்து சார்க்கண்டில் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய அருள்தந்தை ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில், தமது 83 ஆம் வயதில் கைதானார். நடுக்குவாத நோயால் குவளையைக் கையில் பிடித்துப் பருக இயலாத அவர், உறிஞ்சுகுழலும் அதற்கேற்ற குவளையும் வேண்டி நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2021 மே இறுதியில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டபோது தொற்று உறுதியானது. அவ்வாண்டு சூலை 5 இல், பிணை மனு விசாரணையில் இருக்கும்போதே, விசாரணைக் கைதியாகவே இறந்தார். சிறைவாழ்வைப் பற்றிய நூறு உருவகங்கள் சொல்லாததை அந்த உறிஞ்சுகுழல் சொல்கிறது. டீஃபோ இருந்திருந்தால் அதன் விலையையும் எழுதியிருப்பார்.

இரண்டு நாவல்களும் ஒரு காப்பியமும்

கொள்ளைநோயும் சிறைவாழ்வும் ஒன்றாகத் தாக்கிய நிகழ்ச்சி மலேசியத் தமிழருக்குப் புதிதன்று. சயாம்-பர்மா இரயில் பாதையில் 1943 இன் மழைக்காலத்தில் காலரா பரவியது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கிருந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர் அவர்களைப் போல் ஏறத்தாழ மும்மடங்கினர். போர்க்கைதிகளிடையே படைமருத்துவர் இருந்தனர். பெயர்ப்பட்டியலும் கட்டொழுங்கும் இருந்தன. கொதிக்கவைத்த நீரும் மூங்கிலால் அமைத்த உப்புநீர்க் குழாயும் சிலரையேனும் காத்தன. பின்னாளில் நாட்குறிப்புகளும் நூல்களும் வந்தன. தொழிலாளர் முகாம்களில் இவை பெரும்பாலும் இல்லை. அவர்கள் சட்டப்படி கைதிகளும் அல்லர். ஆகவே கைதிக்குரிய எண்ணிக்கைகூட அவர்களுக்குக் கிட்டவில்லை. அவர்தம் இறப்புத் தொகை இன்றும் மதிப்பீடாகவே உள்ளது.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) ஆகிய நாவல்கள் இந்த இடைவெளியில் எழுந்தவை. இவற்றின் நடை, பாத்திர அமைப்பு பற்றிக் குறை சொல்வோர் உளர். அக்குறைகளிற் சில நமக்கும் உடன்பாடே. ஆனால் பட்டியலில் பெயர் ஏறாதவரின் பசியையும் நோயையும் சாவையும் எழுதிவைக்க வேண்டும் என்ற துடிப்பில் இவை டீஃபோவின் பக்கம் நிற்பவை. 2020 இல் எழுதவந்தோர் வீட்டுச் சிறையைத் தேடி வெளியே அலையாமல், தம் அலமாரியிலேயே இருந்த இந்நாவல்களைப் புரட்டியிருக்கலாம்.

இன்னும் பின்னோக்கிப் போனால் மணிமேகலை இருக்கிறது. ஆபுத்திரன் மதுரையில் சிந்தாதேவி கோயிலில் தங்கி, கண்ணில்லாதார், காது கேளாதார், கால் முடமானோர், பேணுவாரற்றோர், நோயுற்றோர் ஆகியோரை அழைத்து உணவு தந்தான். அவன் கையிலிருந்த அமுதசுரபி பின்னர் மணிமேகலையிடம் வருகிறது. புகார் நகரில் ஆதரவற்றோர் ஒதுங்கும் உலக அறவி என்னும் அம்பலத்தில் அவள் உணவு படைக்கிறாள். அங்கிருந்து சிறைக்கோட்டத்துக்குச் செல்கிறாள். வீடற்றவரிடமிருந்து கைதியிடம் செல்லும் இந்நடையைக் காப்பியம் ஒரு தொடர்ச்சியாகவே காட்டுகிறது. இரண்டும் ஒரே பாத்திரத்தின் பணி. கைதிகளுக்கு அவள் உணவளிப்பதைக் காவலர் அரசனிடம் தெரிவிக்கின்றனர். யாது வேண்டும் என்று மாவண்கிள்ளி கேட்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்கிறாள் மணிமேகலை. அரசன் இசைகிறான். காவல் இருந்த இடத்தில் அறவோர் தங்குமிடமும் சமைக்கும் சாலையும் உண்ணும் சாலையும் அமைகின்றன. இக்காதையை நம் மாணவர் பெரும்பாலும் பௌத்த அறத்துக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே படிக்கின்றனர். கட்டடம் ஒன்றின் பயன் மாறிய செய்தியாகவும் அதைப் படிக்கலாம்.

எனினும் பழமையைப் புகழ்ந்து மனநிறைவு கொள்ளும் பகுதி அன்று இது. கதை அங்கு முடியவில்லை. உதயகுமரன் கொலையுண்டபின், சிறையைத் திறந்த மணிமேகலையே சிறைப்படுகிறாள். அரசமாதேவி அவளைத் தன் பொறுப்பில் பெற்று, மகன் சாவுக்குப் பழிதீர்க்கப் பல வழிகளைத் தேடுகிறாள். அவற்றுள் ஒன்று, இவள் நோயுற்றாள், உண்ணமாட்டாள் என்று பொய்யாக ஒரு நோயைச் சொல்லிப் புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போடுவது. ஊரார் பசியை ஆற்றியவள் பசியடக்கும் மந்திரம் ஒன்றைக் கற்றிருந்ததால் அவ்வறையில் பிழைத்தாள். மந்திரம் அறியாத வேறு எவரேனும் அவ்வறையில் இருந்தனரா என்பதைக் காப்பியம் சொல்லவில்லை.